இரண்டாவது ஓனருக்கும் பேட்டரி வேண்டும்

மின்சார மூன்று சக்கர வண்டிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

என் வண்டி நான்கு மாதமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது. மூன்று டயரும் போன வருஷம் மாற்றியவை. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் என் பெயரில் நடப்பில் இருக்கின்றன. பேட்டரிக்குள் இருக்கும் பதினாறு செல்லில் ஒன்று கெட்டுவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒன்றை மாற்றியும் வண்டியை ஓட்ட வழியில்லை, மொத்தப் பேட்டரியை என் கைக்கு எட்டும் விலையில் மாற்றவும் வழியில்லை. இப்படி ஒரு நிலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள் வைத்திருக்கும் விதிகள். அதனால் உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எந்தக் கம்பெனி வண்டி என்று நான் எழுதப்போவதில்லை. வேறு கம்பெனி வண்டிகள் வைத்திருக்கும் மூன்று பேரிடம் விசாரித்தேன். ஏறத்தாழ இதே கதையைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் "இது நமக்கில்லை" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். எல்லோரும் படியுங்கள்.

நான் கோயம்புத்தூர் கவுண்டம்பாளையத்தில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். தினம் 180 கிலோ. ஞாயிறு என்றால் இன்னும் நாற்பது கிலோ கூடும். விடிகாலை நாலே காலுக்கு வண்டியை எடுத்தால் துடியலூர், வடவள்ளி, சாய்பாபா காலனி என்று முப்பத்து நான்கு கடை, 46 கிலோமீட்டர் சுற்று. ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். முன்பு ஒரு பழைய லோடு ஆட்டோ வைத்திருந்தேன். அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தெருவிலும் முதலில் நாய் எழும், நாயால் மனிதர்கள் எழுவார்கள், எழுந்து என்னைத் திட்டுவார்கள். பேட்டரி வண்டி வந்ததும் அது நின்றது. கரண்டுச் செலவு நாளைக்கு ஐம்பது, அறுபது ரூபாய். "இதை ஏன் முன்னாடியே வாங்கலை?" என்று மனைவி கேட்டாள். இப்போது "இதை ஏன் வாங்கினீங்க?" என்று கேட்கிறாள்.

2024 செப்டம்பரில் வாங்கினேன். 2021 மாடல், 1,35,000 ரூபாய். கூரியர் கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் இருந்து வந்தது. எங்களைப் போன்ற சிறு வியாபாரத்தில் யாரும் முதல் வண்டியைப் புதிதாக வாங்குவதில்லை. பழையது வாங்கி, நாலு வருஷம் ஓட்டி, அதில் வந்த காசில்தான் புதிதைப் பற்றி யோசிப்போம். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் ஷோரூமுக்கு வரப்போகிறவர்கள் நாங்கள்தான்.

வாங்கும் முன் நான் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டவில்லை. பழைய பெட்ரோல் வண்டி என்றால் ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பார்ப்போம், ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்போம், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் விலை சொல்லிவிடுவார். பேட்டரிக்கு அப்படி எதுவும் இல்லை. நூறு சதவீதம் என்று டிஸ்பிளே காட்டும். அந்த நூறு, புதிதில் இருந்த நூறா, இல்லை இப்போது மிச்சம் இருப்பதில் நூறா என்று அது சொல்லாது. அதனால் வண்டியையும் பழைய ஓனரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போனேன். அங்கிருந்த தம்பி லேப்டாப்பைச் செருகினார். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும், எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்பதும், பேட்டரியின் மிச்ச ஆயுளும் திரையில் வந்தன. வந்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதுல ஒரு பிரிண்ட் குடுங்க தம்பி" என்றேன்.

"கஸ்டமருக்குக் கொடுக்கறதில்லைங்கண்ணா. இன்டர்னல் ரிப்போர்ட்டுங்க. வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் அன்றைக்கு அந்தத் திரையில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடப் பின்தங்கி இருந்ததா என்பதை நீங்கள் இன்றைக்கும் உங்கள் சர்வரில் பார்க்க முடியும். எனக்குத்தான் முடியாது. வண்டி எனக்குச் சொந்தம், அதன் ஜாதகம் உங்களிடம்.

பதினோரு மாதம் ஓடியது. முதலில் லோடோடு எழுபது கிலோமீட்டர் கிடைத்தது. பிறகு அறுபது, ஐம்பது என்று இறங்கியது. வயசானால் எல்லோருக்கும் இறங்குவதுதான் என்று விட்டுவிட்டேன். ஆடி மாதத்தில் ஒருநாள், கணுவாய் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது 34 சதவீதம் காட்டிய டிஸ்பிளே ஒரே நிமிடத்தில் 9-க்கு விழுந்தது. அடுத்த வளைவில் வண்டி நின்றேவிட்டது. மணி நாலே முக்கால். பின்னால் இருபத்திரண்டு கிரேட் மாவு. மாவு யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் கடை ஃபிரிட்ஜுக்குப் போகாவிட்டால் பாக்கெட் உப்ப ஆரம்பித்துவிடும். தெரிந்த பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுப் பாதியைக் கரை சேர்த்தேன். மீதி அன்று சாயங்காலம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஊத்தப்பமாகப் போனது.

சர்வீஸ் சென்டரில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, பேட்டரியை மாற்ற வேண்டும் என்றார்கள். கொட்டேஷன் 1,68,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 30,240. மொத்தம் 1,98,240. வண்டியை நான் வாங்கிய விலையைவிட 63,240 ரூபாய் அதிகம். சரி, கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்று எப்போது வரும் என்று கேட்டால், அந்த மாடலுக்கான பேட்டரி இப்போது வருவதில்லை, புது மாடல் பேட்டரி இந்த வண்டிக்குப் பொருந்தாது, கம்பெனியில் கேட்டுத்தான் சொல்ல முடியும், மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார்கள். பழைய பேட்டரியை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு ஏதாவது விலை உண்டா என்றேன். கிடையாது. டீக்கடை இன்வெர்ட்டரில் இருந்து கழற்றிய செத்துப்போன லெட் ஆசிட் பேட்டரியைக்கூடப் பழைய விலைக்குக் கழித்துக்கொண்டுதானே புதிது தருகிறார்கள்? பதினைந்து நல்ல செல் உள்ள என் பேட்டரிக்குப் பூஜ்யம்.

வாரண்டி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஓனர் தனியாகப் பணம் கட்டி ஐந்து வருஷத்துக்கு நீட்டியிருந்தார். அந்தப் புத்தகத்தையும் எனக்குக் கொடுத்தார். பெயர் மாற்றிய பதினைந்து நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்காவிட்டால் வாரண்டி போய்விடும் என்று அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்ததாம். பெயர் மாறியதற்குப் பிறகு நான் அதே சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை பிரேக் பார்க்கப் போயிருக்கிறேன். பில்லில் என் பெயரைத்தான் போட்டார்கள். பணம் வாங்கும்போது என்னை ஓனராகத் தெரிந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் வெளியில் போனேன். கணபதி பக்கம் ஒரு பேட்டரி கடை. யு.பி.எஸ்., சோலார், ஸ்கூட்டர் பேட்டரி எல்லாம் பார்க்கிறவர். டிப்ளமோ படித்து ஒரு பேட்டரி கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையுறை போட்டு, ரப்பர் பாய் விரித்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு என் முன்னாலேயே பேக்கைத் திறந்தார். உள்ளே செங்கல் மாதிரி பதினாறு செல், ஒன்றோடொன்று தொடராக. எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் கணக்கு, பதினாறும் சேர்ந்தால் 51.2. மொத்தம் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். மீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்துச் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். 3.31, 3.32, 3.31, 3.32. பதினோராவதில் 2.58.

"இதுதான்ங்கண்ணா" என்றார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். பதினாறு மாட்டை வரிசையாகப் பூட்டி இழுக்க விட்டது போலத்தான் இது. ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற பதினைந்துக்கும் தெம்பு இருந்தும் வண்டி நகராது. பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல்கார போர்டு ஒவ்வொரு செல்லையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த ஒரு செல் தாழ்ந்த எல்லையைத் தொட்டாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அது சரியான வேலைதான், அப்படி நிறுத்தாவிட்டால்தான் ஆபத்து. 34 சதவீதம் ஒரே நிமிடத்தில் 9 ஆன மர்மமும் அதுதான்.

புது செல்லைப் பழைய செல்களோடு சேர்த்தால் ஒத்துப்போகாது, ஏறக்குறைய இதே அளவு உழைத்த செல் வேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் தேடினார். கிடைத்தது. செல்லுக்கு 7,500, வேலைக்கு 5,000, மொத்தம் 12,500 ரூபாய். பதினாறையும் சமப்படுத்தி, லோடு வைத்துச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வண்டியில் மாட்டினோம். டிஸ்பிளேயில் சிவப்பு விளக்கு. ஒரு எரர் நம்பர். வண்டி அசையவில்லை.

பி.எம்.எஸ். பழைய பழுதைத் தன் நினைவில் எழுதி வைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டது. பழுது போன பிறகும் பூட்டு போகவில்லை. அதைத் திறக்க உங்கள் லேப்டாப்பும் உங்கள் சாஃப்ட்வேரும் பாஸ்வேர்டும் வேண்டும். சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டேன். வெளியில் திறந்த பேட்டரி என்பதால் தொடமாட்டோம் என்றார்கள். சோதித்துப் பாருங்கள், அதற்குக் கட்டணம் தருகிறேன் என்றேன். அப்படி ஒரு வேலையே சிஸ்டத்தில் இல்லை என்றார்கள்.

சரி, பழையதை விட்டுவிடுவோம் என்று, பேட்டரி கடைக்காரர் தன்னிடம் இருந்த வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அதே 51.2 வோல்ட், அதே அளவு கரண்ட் தாங்கும், சான்றிதழோடு கடையில் விற்பது. கனெக்டர்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்போதும் வண்டி ஓடவில்லை. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர், உங்கள் பேட்டரி தனக்குள் பேசும் ஒரு மொழியில் வணக்கம் சொன்னால்தான் கதவைத் திறக்குமாம். அந்த மொழி எங்கும் வெளியிடப்படவில்லை.

இதே ஊரில் உக்கடத்தில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய லேம்பிரட்டாவுக்குக்கூடத் தேடினால் சாமான் கிடைக்கும். 1937-லேயே மின் மோட்டார் செய்த ஊர் என்று ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எரிந்துபோன எந்த மோட்டாரையும் காயில் கட்டித் தருகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்த ஊரில் கெட்டுப்போகாத ஒரு மோட்டாரை ஓடவைக்க முடியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு கடையில் ஒருவர், "பி.எம்.எஸ்.ஸை பைபாஸ் பண்ணிடலாம்ங்க, மூவாயிரம் குடுங்க, நாளைக்கே ஓடும்" என்றார். காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வண்டியை ஓட்டுவது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். ராத்திரி நான் சார்ஜ் போடுவது மாவு அரைக்கும் ஷெட்டுக்குள், மேலே மாடியில் குழந்தைகள் தூங்குகிறார்கள். ஆனால் எல்லோரும் வேண்டாம் என்று வருவார்களா? தினமும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறவன் மூன்றாவது மாதத்தில் சரி என்றுதான் சொல்வான்.

இதை எழுதுவதற்குக் காரணம், பாதுகாப்பு என்ற பதிலை நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். 2022-இல் மின்சார வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அதற்குப் பிறகு இந்த வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். 2022 டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் கடைசியில் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. நல்ல காரியம். கண்டவனும் பேட்டரியைத் திறக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செல்களின் வோல்டேஜை ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் எது தீப்பிடிக்கும்? தரச்சான்று பெற்ற வேறு பேட்டரியை உங்கள் கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டால் எது தீப்பிடிக்கும்? பழுதுபார்த்த பேட்டரியை நீங்களே சோதித்து, சரியாக இல்லை என்றால் நிராகரியுங்கள். சோதிக்கவே மாட்டேன் என்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது. நேர் வழிகளையெல்லாம் நீங்கள் அடைத்துவிட்டால் திறந்திருப்பது அந்த மூவாயிரம் ரூபாய் வழி ஒன்றுதான்.

பேட்டரி இல்லாமலேயே மின்சார வண்டியை விற்கலாம், பதிவும் செய்யலாம் என்று 2020 ஆகஸ்டிலேயே ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதாவது வண்டி வேறு, பேட்டரி வேறு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாத தம்பதியாக வைத்திருக்கிறீர்கள். நான் வேறு பேட்டரி போட்டு ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் வண்டியின் அமைப்பை மாற்றியதாக ஆகிவிடும், விபத்து என்றால் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம் என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் எச்சரிக்கிறார். டயர் மாற்றினால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள்தானே பேட்டரியும்?

உங்கள் வண்டிகள் வெறுமனே உங்கள் சாமர்த்தியத்தில் மட்டும் விற்றவை இல்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மின்சார வண்டிகளுக்கு ஒன்றிய அரசு மானியம் கொடுத்த ஃபேம் திட்டத்தின், 2019 ஏப்ரலில் இருந்து 2024 மார்ச் வரை நடந்த இரண்டாம் கட்டத்தில் மூன்று சக்கர வண்டிகளுக்கு பேட்டரியின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 10,000 ரூபாய் என்ற கணக்கில், ஒரு உச்சவரம்புக்குள், மானியம் கிடைத்தது. என் வண்டியின் முதல் பில் என்னிடம் இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கழித்திருக்கிறார்கள். அது பொதுப்பணம். மானியம் வாங்கும் வண்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம் பேட்டரியோடு சேர்த்து வாரண்டியும், வண்டியின் ஆயுள் முழுக்கப் பழுதுபார்க்கும் வசதியும் இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனை. மூன்று வருஷத்தை ஒப்பேற்றிவிட்டீர்கள். ஆயுள் முழுக்க என்ற இடத்தில்தான் சிக்கல். 2021-இல் செய்த வண்டியின் ஆயுள் நாலே வருஷமா?

2023-இல் மின்சார மூன்று சக்கர வண்டி விற்பனையில் இந்தியா சீனாவை முந்தி உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது. பத்திரிகைகளில் பெருமையாகப் போட்டார்கள். அந்த வண்டிகளுக்கெல்லாம் இரண்டாவது பேட்டரி தேவைப்படும் காலம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. என்னுடையது அந்த வரிசையில் முன்னால் வந்துவிட்ட ஒன்று.

இடையில் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்ட் முதல் மின்சார வண்டிக்கு வரி 5 சதவீதம். வண்டியோடு சேர்ந்து வரும் பேட்டரிக்கும் அதே 5 தான். பேட்டரி இல்லாமல் வெறும் வண்டி வாங்கினாலும் 5 தான் என்று 2022-இல் தெளிவுபடுத்தினீர்கள். அதே பேட்டரியை நான் மாற்றுவதற்காகத் தனியாக வாங்கினால் 18. புது வண்டி வாங்க வசதி உள்ளவருக்கு ஐந்தும், பழைய வண்டியை ஓட்டிப் பிழைக்கிறவனுக்குப் பதினெட்டும் என்பது எந்தக் கணக்கு? என் கொட்டேஷனில் இந்த வித்தியாசம் மட்டும் 21,840 ரூபாய். எங்கள் வீட்டில் அது இரண்டு மாத உளுந்து.

நீங்கள் இன்னொரு பதிலும் சொல்லக்கூடும்: இது வியாபார வண்டி, நீ நுகர்வோர் கிடையாது என்று. சர்வீஸ் சென்டர் மேலாளர் அதை ஜாடையாகச் சொல்லியும் பார்த்தார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவைப் படித்துப் பாருங்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்குகிறவனை அது வியாபாரக் கணக்கில் சேர்க்கவில்லை. வண்டியை ஓட்டுவதும் நான், மாவு அரைப்பதும் நான், கிரேட் கழுவுவதும் நான். தவிர, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. பண்ணைக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. எதை எங்கே பழுதுபார்க்கலாம், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று நிறுவனங்கள் அதில் விவரம் கொடுப்பதற்கான ஏற்பாடு. என் வண்டியின் பேட்டரியைப் பற்றி அதில் உருப்படியாக ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் 2023-இல் பேட்டரிக்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் மாதிரி சிறு வண்டிகளின் பேட்டரியை, கம்பெனியைச் சேராத வெளித் தொழில்நுட்பக்காரரும் மாற்றும்படிதான் செய்ய வேண்டும், சாஃப்ட்வேரை வைத்து அதைத் தடுக்கக் கூடாது, மாடல் நின்ற பிறகும் ஐந்து வருஷம் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்று. 2027 பிப்ரவரியில் இருந்து அமலாகிறது. என் வண்டி அளவு பேட்டரி அந்த விதிக்குள் வராது, நம் நாட்டுக்கு அது செல்லவும் செல்லாது, தெரியும். செய்ய முடியாத காரியம் இல்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது நான் லோடு ஆட்டோ வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். நாளைக்கு 850 ரூபாய், மாதம் 26 நாள், 22,100. நான்கு மாதத்தில் 88,400. தெரு நாய்களுக்கு என்னை மறுபடி அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் கேட்பவை இவை.

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கேட்டால் பேட்டரியின் முழு அறிக்கையை அச்சில், தமிழில், கையொப்பத்தோடு கொடுங்கள். செல் வோல்டேஜ், சார்ஜ் ஏறிய எண்ணிக்கை, மிச்ச ஆயுள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்க வருகிறவரையும் கூட்டிக்கொண்டு ஓனர் வந்தால் அவர் முன்னாலேயே கொடுங்கள். இதற்கு நியாயமான கட்டணம் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

வாரண்டி வண்டியோடு போக வேண்டும். ஆள் மாறினால் அது சாகக் கூடாது. பெயர் மாற்றம் போக்குவரத்துத் துறையின் வாகன் பதிவேட்டிலேயே ஏறிவிடுகிறது. தனியாக உங்களுக்கு ஒரு கடிதம் போடவில்லை என்று பதினைந்து நாள் கெடுவைக் காட்டி மறுப்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே அப்படி மறுக்கப்பட்டவர்களின் கோரிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். என்னுடையதையும் சேர்த்து.

ஒரு மாடலை நிறுத்தினாலும் அதன் கடைசி வண்டி விற்ற நாளில் இருந்து குறைந்தது எட்டு வருஷம் அதற்கான பேட்டரி கிடைக்க வேண்டும். அதன் விலையை இணையதளத்தில் போடுங்கள். பழையதைத் திருப்பி எடுக்கும்போது, உள்ளே இருக்கும் நல்ல செல்களுக்கு விலை கழியுங்கள்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். பழுதுபார்த்த பேட்டரியைச் சோதித்து, சரியாக இருந்தால் பி.எம்.எஸ். பூட்டைத் திறந்து தரும் வேலையை ஒவ்வொரு சர்வீஸ் சென்டரிலும் ஒரு கட்டண வேலையாகச் சேருங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளில் பழைய பேட்டரியைப் புதுப்பிக்கிறவர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவர்களுக்கும், ஏ.ஐ.எஸ். 156 சான்று பெற்ற பேட்டரி செய்கிறவர்களுக்கும் உங்கள் கன்ட்ரோலர் பேசும் மொழியை வெளியிடுங்கள். கண்டவனுக்கும் கொடுக்கச் சொல்லவில்லை, தகுதி உள்ளவனுக்குக் கொடுங்கள். கணபதி கடைக்காரர் மாதிரி ஆட்களுக்கு நீங்களே பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுக்கலாம். நான் போய்ச் சொன்னால் முதல் ஆளாக வந்து உட்காருவார்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு: சான்று பெற்ற மாற்றுப் பேட்டரி போடுவது 52-ஆவது பிரிவில் சொல்லும் மாற்றத்தில் சேராது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் அதை அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு: பதிவான மின்சார வண்டியின் ஆர்.சி.யைக் காட்டி வாங்கும் மாற்றுப் பேட்டரிக்கு 5 சதவீதம்.

என் வண்டி எண், பேட்டரியின் வரிசை எண், கொட்டேஷன், செல் வோல்டேஜ் எழுதிய தாளின் படம் எல்லாவற்றையும் இந்த வண்டியைச் செய்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், மனு தயாராக இருக்கிறது. பேட்டரியைச் சோதிக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை ஏழரைக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதுவரை நான் கடைகளுக்கு மாவு போடும் சுற்றில் இருப்பேன்.

இப்படிக்கு,
மாவு வண்டிக்காரன்,
கவுண்டம்பாளையம், கோயம்புத்தூர்